ஒரு லோடு என்றால் எத்தனை கிலோ?

டிராக்டர், டிரெய்லர், ஓட்டுநர் உரிமம் மூன்றும் பொருந்தினால்தான் பாரம் பத்திரமாக வீடு சேரும்

“35 குதிரைசக்தி டிராக்டர் வைத்திருக்கிறேன். இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று பழையது விலைக்கு வருகிறது. பெட்டியைப் பலகை வைத்து உயர்த்தியிருக்கிறார்கள், நிறைய பிடிக்கும் என்கிறார்கள். என் டிராக்டர் அதை இழுக்குமா? மகனுக்கு 21 வயது, கார் லைசென்ஸ் இருக்கிறது. அவன் ஓட்டலாமா?” என்று தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம்தான். ஆனால், ‘இழுக்குமா?’ என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வண்டி வாங்கியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏரிக்கரையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த வட்டாரத்தில், கோடையில் ஏரி வண்டல் எடுக்க அனுமதி கிடைத்தது. ‘ஏக்கருக்கு இத்தனை லோடு அடியுங்கள், மண் வளம் கூடும்’ என்று கூட்டம் போட்டுச் சொன்னவர்களில் நானும் ஒருவன். நாலைந்து நாளில் ஊரே டிராக்டரோடு ஏரிக்குள் இறங்கிவிட்டது.

ஒரு மாலை, அடிமண் ஈரமாக இருந்த இடத்தில் பெட்டி தளும்ப வண்டல் அள்ளிக்கொண்டு ஒரு பையன் கரை மேல் ஏறினான். வயது 22. கரைச் சரிவின் பாதியில் வண்டி திணறி நின்றது. கிளட்சைச் சட்டென்று விட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தினான். முன் சக்கரம் இரண்டும் மேலே தூக்கி, டிராக்டர் அப்படியே பின்னால் கவிழ்ந்தது. உயிர் தப்பியது. இடது கால் தப்பவில்லை. அவனிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை, டிரெய்லருக்கு இன்சூரன்ஸும் இல்லை. குடும்பம் மாட்டை விற்றுத்தான் வைத்தியம் பார்த்தது.

மருத்துவமனையில் அவன் அப்பா என்னிடம் கேட்டார்: “ஏன் சார், எப்பவும் அடிக்கிற ஒரு லோடுதானே? குப்பை அடிக்கும்போது ஒன்றும் ஆகலையே?”

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். ஆனால் கூட்டத்தில் அதை நான் சொல்லியிருக்கவில்லை. லோடு என்பது எடை அல்ல, பெட்டியின் அளவு. குப்பையும் வண்டலும் ஒரே பெட்டியில் போனாலும் ஒரே எடை அல்ல.

ஒரே பெட்டி, ஐந்து எடை

10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 120 கன அடி, அதாவது சுமார் 3.4 கன மீட்டர். அதைத் தலைதட்டி நிரப்பினால் எடை ஏறக்குறைய இப்படி வரும்:

- காய்ந்த தொழுஉரம்: 1,700 கிலோ
- கொட்டிய நெல்: 2,000 கிலோ
- ஈரமான தொழுஉரம்: 2,700 கிலோ
- மணல்: 5,400 கிலோ
- ஈர வண்டல்: 5,800 கிலோ

மண்ணின் தன்மை, ஈரம், அள்ளும் விதம் ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனாலும் கணக்கு தெளிவு. காய்ந்த குப்பை இரண்டு டன்னுக்கும் கீழே. அதே பெட்டியில் ஈர வண்டல் கிட்டத்தட்ட ஆறு டன். பெட்டிக்கு மேல் பலகை கட்டி ஒரு அடி உயர்த்தினால், இதோடு இன்னும் பாதி சேர்ந்துகொள்ளும்.

பரிந்துரையையும் இப்படிக் கிலோவில் பார்ப்பது நல்லது. தொழுஉரம் ஹெக்டேருக்கு 12.5 டன் என்பது பரிந்துரை; ஏக்கருக்கு 5 டன். ‘ரெண்டு லோடு அடித்துவிட்டேன்’ என்பவர் காய்ந்த குப்பையாக மூன்றரை டன்தான் போட்டிருப்பார். லோடு கணக்கு வயலையும் ஏமாற்றும், ரோட்டிலும் ஏமாற்றும்.

இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு

35 குதிரைசக்தி டிராக்டர் ஆறு டன் டிரெய்லரைச் சம தரையில் இழுத்துவிடும். கீழ் கியரில் போட்டால் அதற்கு மேலும் இழுக்கும். அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். இழுக்கக் குதிரைசக்தி போதும். நிறுத்த, டிராக்டரின் சொந்த எடையும் பிரேக்கும் வேண்டும்.

இந்த ரக டிராக்டர் ஏறக்குறைய 1,800 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் கிடையாது. ஆறு டன் டிரெய்லரை இறக்கத்தில் நிறுத்தும் வேலை முழுவதும் 1,800 கிலோ டிராக்டரின் இரண்டு பின் சக்கரங்கள் மேல் விழுகிறது. தன்னைப் போல் மூன்று மடங்குக்கு மேல் எடையுள்ள ஒன்று முதுகில் கை வைத்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? பின் சக்கரம் நின்றாலும், டயர் தேய்ந்துகொண்டே போகும். டிரெய்லர் நேராகத் தள்ளாமல் பக்கவாட்டில் திரும்பிவிட்டால், கத்தி மடிவதுபோல மடிந்து டிராக்டரையே புரட்டிவிடும்.

பிரேக் இல்லாத டிரெய்லரை இழுக்கும்போது, லோடோடு சேர்த்து அதன் மொத்த எடை டிராக்டர் எடையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது, வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று டிராக்டர் கையேடுகள் சிலவற்றில் எழுதியிருக்கிறது. 1,800 கிலோ டிராக்டருக்கு அது 2,700 கிலோ. காலி டிரெய்லரே 1,200 கிலோ இருந்தால், ஏற்றக்கூடியது 1,500 கிலோதான்.

“அப்படிப் பார்த்தால் ஊரில் யாருமே வண்டி ஓட்ட முடியாது சார்” என்பீர்கள். உண்மைதான், நடைமுறையில் இதற்கு மேல்தான் ஏற்றுகிறோம். ஆனால் அந்த எண்ணைத் தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்டுவதற்கும், தெரியாமலே ஆறு டன் ஏற்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பென்னாகரம் போன்ற மேடு பள்ளப் பகுதியில் இறக்கம் இருக்கும் வழிக்காவது இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை ஆகும். டீசல் செலவு கூடும். கால் மிஞ்சும்.

வேகமும் எடையைப் போலத்தான். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். 15 கிலோமீட்டரில் போகிறவர் 5 மீட்டரில் நிறுத்தும் வண்டியை, 30-ல் போனால் 20 மீட்டரில்தான் நிறுத்த முடியும்.

மாட்டுவண்டி சொன்ன பாடம்

பாரவண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்று சொன்னாலே புரியும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மூட்டையை அப்படி இப்படி நகர்த்தி, சமன் பார்த்துத்தான் வண்டியைக் கிளப்புவார்கள்.

இரண்டு சக்கர டிரெய்லரும் அதே பாரவண்டிதான். மாட்டின் இடத்தில் டிராக்டர் நிற்கிறது. பெட்டியின் பின்பக்கம் பாரம் கூடினால் கொக்கி மேலே தூக்கி, டிராக்டரின் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும், டிரெய்லர் வாலாட்டும். முன்பக்கம் பாரம் அளவுக்கு மீறினால் கொக்கியைக் கீழே அழுத்தி, டிராக்டரின் முன் சக்கரத்தைத் தூக்கும். ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அச்சுக்கு நேர் மேலே பாரத்தை வைத்து, கொஞ்சம் மட்டும் முன்பக்கம் சாய்வாக இருக்கும்படி ஏற்றுவதே சரி. நான்கு சக்கர டிரெய்லரில் கொக்கி மேல் அழுத்தம் குறைவு. ஆனால் பின்னாலிருந்து தள்ளும் பாரம் குறைவதில்லை.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. லோடு ஏற்றி டிரெய்லரை மாட்டிய நிலையில், டிராக்டரின் முன் சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது அங்கே காட்ட வேண்டும். 1,800 கிலோ டிராக்டருக்கு 360 கிலோ. அதற்குக் கீழே போனால் பாரத்தைப் பின்னால் நகர்த்த வேண்டும், அல்லது குறைக்க வேண்டும், அல்லது முன்பக்கம் எடைக் கட்டிகள் மாட்ட வேண்டும்.

இனி கொக்கி. அந்தப் பையனின் டிரெய்லர் டிராபாரில் மாட்டியிருக்கவில்லை. இடம் பத்தவில்லை என்று மேலே, டாப் லிங்க் பக்கமாக மாட்டியிருந்தான். பின் அச்சின் மட்டத்துக்கு மேலே எங்கே மாட்டி இழுத்தாலும், இழுவை டிராக்டரின் மூக்கை வானத்துக்குத் தூக்கும். டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ இரண்டு நொடிகூட ஆகாது; குதிக்க நேரம் கிடைக்காது. எப்போதும் டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். பின்னுக்குப் பூட்டு ஊசி போடுங்கள். கம்பித் துண்டு, ஆணி வேண்டாம்.

மூன்று எண்கள்

வாசகர் கேட்ட டிரெய்லருக்கு வருவோம். வாங்கும் முன் மூன்று எண்களைப் பாருங்கள்.

ஒன்று: டிரெய்லரின் ஆர்.சி. டிரெய்லர் தனி வண்டி. அதற்குத் தனிப் பதிவு எண் உண்டு. அதன் ஆர்.சி.யில் காலி எடையும், லோடோடு சேர்ந்த மொத்த எடையும் இருக்கும். ஒரு கணக்குக்காக, காலி எடை 1,200, மொத்த எடை 4,200 என்று இருக்கட்டும். ஏற்றக்கூடியது 3,000 கிலோ. 40 கிலோ நெல் மூட்டையாக 75 மூட்டை. பலகை வைத்து உயர்த்தி 120 மூட்டை அடுக்கினால், எடை 4,800 கிலோ. பெட்டி பிடித்துவிடும், சட்டம் பிடிக்காது, அச்சும் டயரும் தாங்காது. பெட்டியை உயர்த்தினால் கொள்ளளவுதான் கூடும், அனுமதித்த எடை கூடாது. உயர்த்திய பெட்டியில் வைக்கோல் ஏற்றலாம். அதிலும் உயரம் கூடக் கூட வளைவில் சாயும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு: டிராக்டரின் எடை. டிராக்டர் ஆர்.சி.யிலும் கையேட்டிலும் இருக்கும். கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று போட்டிருந்தால் அதுவே உங்கள் அளவு.

மூன்று: நீங்கள் ஏற்றப்போகும் பொருளின் எடை. மூட்டையானால் எண்ணிப் பெருக்குங்கள். மண், குப்பை, கரும்பு என்றால் ஒரே ஒரு முறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். காலி டிராக்டர், டிரெய்லரோடு காலி, லோடோடு என மூன்று எடை போட்டு, பெட்டியின் உள்பக்கம் பெயின்டில் கோடு போட்டுவிடுங்கள்: ‘மண் இதுவரை’, ‘குப்பை இதுவரை’. அள்ளிப் போடுகிற ஆளுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கோடு தெரியும்.

டிரெய்லர் ஆர்.சி. தரும் அளவு, டிராக்டர் தரும் அளவு இரண்டில் எது சிறியதோ, அதுதான் உங்கள் லோடு.

உரிமம்: மகன் ஓட்டலாமா?

ஓட்டலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, காலி எடை 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டர் இலகுரக மோட்டார் வாகனம்தான். நம் விவசாய டிராக்டர்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். டிரெய்லர் மாட்டியதாலேயே டிராக்டர் ஓட்டும் உரிமம் செல்லாமல் போகாது என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்பதை, 2024 நவம்பரில் அதன் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது.

இருந்தாலும், மகனின் உரிமத்தை எடுத்து அதில் எந்தெந்த வகை எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பைக் லைசென்ஸ் மட்டும் இருந்தால் டிராக்டருக்குச் செல்லாது. எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு தனியாக ஓட்டக் கூடாது. 18 வயது நிரம்பாத பையனை ‘நம்ம வயல்தானே’ என்று ரோட்டில் ஓட்ட விட்டால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும்.

அதே சட்டத்தில் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் என்று இருக்கிறது. அதிகப் பாரத்தை உங்கள் செலவில் இறக்கிய பிறகுதான் வண்டியை நகர்த்த விடுவார்கள். ஆனால் அபராதத்தைவிடப் பெரிய இழப்பு இன்சூரன்ஸில் வரும். உரிமம் இல்லை, டிரெய்லருக்குப் பாலிசி இல்லை, விவசாயத்துக்கு என்று பதிந்த வண்டி வாடகைக்குச் செங்கல் ஏற்றியது என்று ஏதாவது ஒன்று கிடைத்தாலும், கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். நஷ்டஈடு உங்கள் நிலத்தின் மேல் வந்து விழும்.

இறக்கத்தில் ஐந்து பழக்கம்

1. டிராக்டருக்கு வலது, இடது என்று இரண்டு பிரேக் பெடல் உண்டு. வயலில் திருப்ப அது உதவும். ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டையும் பூட்டுத் தகட்டால் இணைத்துவிடுங்கள். லோடோடு ஒற்றைப் பெடலை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துப் புரளும்.

2. எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போடுங்கள். நடுவில் மாற்ற வேண்டாம்.

3. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. கிளட்சையும் மிதித்துப் பிடிக்கக் கூடாது. எஞ்சின்தான் அங்கே உங்கள் பெரிய பிரேக்.

4. மேட்டில் வண்டி திணறினால் கிளட்சைச் சட்டென்று விடாதீர்கள். பாரத்தைக் குறைத்துவிட்டு ஏறுங்கள். சேற்றில் சிக்கினால் முன்னால் முறுக்காமல், பின்னால் எடுத்துப் பாருங்கள்.

5. டிரெய்லரின் பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுங்கள், பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இருட்டில் நிற்கும் டிரெய்லர் பின்னால் வருகிறவருக்குச் சுவர் மாதிரி. மோதும் வரை தெரியாது.

கூடவே வரும் கேள்விகள்

*ஆர்.சி. இல்லாத டிரெய்லர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?*

வேண்டாம். ஆர்.சி. இல்லாமல் இன்சூரன்ஸ் எடுக்க முடியாது, எவ்வளவு ஏற்றலாம் என்பதும் தெரியாது. ஆர்.சி. உள்ளதை வாங்கினாலும், ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பெயர் மாற்ற வேண்டும். பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், விற்றவரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும்.

*நடவு ஆட்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாமா?*

கூடாது. டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. டிரெய்லர் சரக்குக்கு. மட்கார்டில் உட்கார்ந்து வருவதும் ஆபத்து. குலுங்கி விழுந்தால் பின் சக்கரத்துக்குக் கீழேதான் போவார்கள். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகம். ஆட்களுக்கு ஆட்டோவோ வேனோ பேசுங்கள்.

*பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் அதிகம் இழுக்குமா?*

முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பினால் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும். சேற்றுழவுக்கும் இழுவைக்கும் நல்லது. ஆனால் முன் சக்கரம் தூக்குவதை அது தடுக்காது. டிரெய்லரின் அனுமதி எடையும் அதனால் கூடாது.

பென்னாகரம் வாசகருக்கு என் பதில் இதுதான். டிரெய்லரின் ஆர்.சி.யைக் கேளுங்கள், இருந்தால் வாங்குங்கள். உயர்த்திய பலகையைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கோடு போடுங்கள். மகன் ஓட்டட்டும், முதல் பத்து நடைக்கு நீங்கள் பின்னால் பைக்கில் போங்கள். இறக்கத்துக்கு முன் எந்த இடத்தில் கியரை மாற்றுகிறான் என்று பாருங்கள்.

இப்போது வண்டல் அனுமதிக்காகக் கூட்டம் போட்டால், ‘இத்தனை லோடு’ என்று நான் சொல்வதில்லை. ஏக்கருக்கு இத்தனை டன், உங்கள் டிரெய்லரில் இத்தனை நடை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். நடை கொஞ்சம் அதிகமாகத்தான் வருகிறது. யாரும் முணுமுணுக்காமல் இல்லை. அந்தப் பையன் இப்போது ஊரில் உரக்கடை வைத்திருக்கிறான். கூட்டம் நடக்கும் நாளில் வந்து முன்வரிசையில் உட்காருவான். அவனைப் பார்த்ததும் முணுமுணுப்பு நின்றுவிடும்.